காட்டில் கடலை சுடும்போது குழந்தைகளைக் காப்போம்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



நிலக்கடலையைப் பற்றி இந்த முகாமில் காலை முதல் பேசிவருகிறோம். விதை நேர்த்தி, ஜிப்சம் இடுதல், அறுவடைப் பருவம் ஆகிய எல்லாவற்றையும் கேட்டீர்கள். நான் பேசப்போவது செடி பிடுங்கும் நாளில் மாலை நேரத்தில் நடக்கும் ஒரு சிறு காரியத்தைப் பற்றி. வேலை முடிந்ததும் காட்டின் ஓரத்தில் நாலு சுள்ளியைக் கூட்டித் தீ மூட்டிப் பச்சைக் கடலையைச் சுட்டுத் தின்கிறோம் அல்லவா, அதைப் பற்றித்தான். மக்காச்சோளம் போட்டவர் இளங்கதிரைச் சுடுகிறார். கம்பு போட்டவர் கதிரை அனலில் வாட்டிக் கசக்கித் தின்கிறார். தை மாதத்தில் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தணலுக்குள் போகின்றன. எங்கே சுட்டாலும் அந்த நெருப்பைச் சுற்றிக் குழந்தைகள் கூடிவிடுகிறார்கள்.

இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது 9 வயது. என் தம்பிக்கு 5 வயது. கடலைச் செடி பிடுங்கிய அன்று மாலை, வேலிக்கருவைக் கட்டைகளைப் போட்டு அப்பா தீ மூட்டினார். எல்லோரும் வயிறாரத் தின்றோம். என் அப்பா கவனக்குறைவானவர் அல்லர். இருட்டியதும் நாலு மண்வெட்டி மண்ணைத் தணலின் மேல் தள்ளி மூடிவிட்டுத்தான் எங்களை வீட்டுக்கு அழைத்துவந்தார். மறுநாள் காலையில், மண்ணில் தங்கிவிட்ட கடலையைப் பொறுக்க நானும் தம்பியும் காட்டுக்குப் போனோம். புகை இல்லை, சிவப்பு இல்லை. மண்மேடு ஒன்று மட்டும் இருந்தது. தம்பி வெறுங்காலோடு அதன் மேல் ஏறினான். கால் உள்ளே புதைந்தது. வீட்டுக்குத் தூக்கிவந்தபோது பெரியவர்கள் பேனா மையை ஊற்றினார்கள். யாரோ சொன்னார்கள் என்று மாவையும் அப்பினார்கள். மருத்துவமனைக்குப் போனது இரண்டு நாள் கழித்துத்தான். இன்றும் அவனுடைய வலது கால் விரல்கள் மடங்கியே இருக்கின்றன. சேற்று வயலில் இறங்கும்போது அவன் அந்தக் காலைச் சாய்த்து வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், முதல் நாள் மாலையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதுமே என்று நினைக்கிறேன்.

மண் நெருப்பை அணைப்பதில்லை

மண்ணைப் போட்டு மூடினால் நெருப்பு அணைந்துவிடும் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து விவசாயிகள் இதை ஒப்பமாட்டார்கள். சீமைக்கருவேல் விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, கரிமூட்டம் போடுகிறவர்கள் அவர்கள். அந்த மண்ணுக்குள்ளேதான் விறகு பல நாட்கள் வெந்து கரியாகிறது. நம் பாட்டிமார்கள் இரவில் அடுப்பிலுள்ள கங்கைச் சாம்பலால் மூடிவைத்து, விடியற்காலையில் ஊதி எழுப்பியதும் இந்த முறையில்தான். மண்ணும் சாம்பலும் சூட்டை வெளியே விடாமல் போர்வையைப் போலக் காக்கின்றன. 'நீறு பூத்த நெருப்பு' என்ற சொல் நம் மொழியில் சும்மா வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் திறந்தவெளி நெருப்பினால் குழந்தைகளுக்கு ஏற்படும் தீக்காயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை எரியும் சுவாலையால் அல்ல, மூடிக்கிடந்த தணலால் ஏற்பட்டவை என்று தெரியவந்தது. மணலால் மூடிய நெருப்பில் 8 மணி நேரம் கழித்தும் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் 100 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடு இருப்பதாகவும், தண்ணீர் ஊற்றிய நெருப்பில் சூடு விரைவில் தணிந்துவிடுவதாகவும் சோதனைகள் காட்டின. எரிகின்ற தீயைக் கண்டு குழந்தை தானாகவே விலகும். கண்ணுக்குத் தெரியாத தீயைக் கண்டு எப்படி விலகும்?

விரட்டினால் விலகமாட்டார்கள்

அப்படியானால் குழந்தைகளை நெருப்பின் பக்கமே விடக் கூடாதா என்று கேட்பீர்கள். விரட்டுவது எளிது, ஆனால் பயன் தராது. நாம் விரட்டிய பிள்ளை தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்காத வைக்கோல் போரின் மறைவிற்குப் போய்விடும். ஆகவே, குழந்தைகளை நம் கண்முன்னே வைத்துக்கொண்டு, வயதுக்கு ஏற்ற வேலையைக் கொடுத்து, நெருப்பை மூட்டும் முறை, காக்கும் முறை, அணைக்கும் முறை மூன்றையும் கற்றுக்கொடுப்பதே நல்லது. ஏர் பிடிக்கவும் மடை திறக்கவும் நாம் இப்படித்தானே கற்றோம்? அதற்குக் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளை வரிசையாகச் சொல்லுகிறேன்.

1. இடம்

வைக்கோல் போர், கரும்புச் சோகை, ஓலை வேலி, கூரைக் கொட்டகை, காய்ந்த பயிர் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். மரக்கிளை மேலே தாழ்ந்திருக்கக் கூடாது. மோட்டார், டீசல் எஞ்சின், பெட்ரோலால் இயங்கும் தெளிப்பான் ஆகியவை இருக்கும் இடத்தின் அருகிலும் கூடாது. காய்ந்த புல்லைச் செதுக்கிவிட்டு, ஒரு முழ ஆழத்தில் சிறு குழி எடுத்து அதில் தீ மூட்டலாம். சுற்றிக் கல் வைப்பதானால் ஆற்றிலும் வாய்க்காலிலும் கிடந்த ஈரக் கல்லை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறக்கூடும். ஆடிக் காற்று போலக் காற்று பலமாக வீசும் நாளில் சுடுவதையே தள்ளிப்போட வேண்டும்.

குழியைச் சுற்றி 3 அடி தள்ளிச் சாம்பலாலோ சுண்ணாம்பாலோ ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்திற்குள் ஓடுவது, தள்ளுவது, விளையாடுவது கூடாது; பெரியவர் கூப்பிட்டால் மட்டுமே ஒரு குழந்தை உள்ளே வர வேண்டும். கோட்டைப் போடும் வேலையைக் குழந்தைகளிடமே கொடுங்கள். தாங்கள் போட்ட கோட்டை அவர்களே காவல் காப்பார்கள்.

2. எரிபொருள்

காய்ந்த சுள்ளி, தென்னை மட்டை, கடலைக் கொடி, பனையோலை போதும். பூச்சிமருந்து வந்த அட்டைப்பெட்டி, காலிப் புட்டி, பிளாஸ்டிக் பை, சொட்டுநீர்க் குழாய், டயர், வர்ணம் அடித்த பலகை ஆகியவற்றை ஒருபோதும் போடக் கூடாது. இவற்றின் புகை நச்சுப் புகை. அதில் வெந்த உணவும் கெடும். அரளிச் செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. அதன் கட்டையை எரிக்கவும் கூடாது. அதன் குச்சியில் கிழங்கைக் குத்திச் சுடவும் கூடாது.

மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றித் தீ மூட்டாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தீக்குச்சி கிழித்தவரின் காலடியிலேயே பற்றும். அணையப்போகும் நெருப்பில் எண்ணெயை ஊற்றுவது இன்னும் கொடியது. தீ ஊற்றுபவரின் கைக்கே ஏறிவரும். இதைப் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்கிறார்கள்.

சுள்ளி பொறுக்கக் குழந்தைகளை அனுப்பும்போது, குச்சியால் தட்டிப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். விறகுக் குவியலில் பாம்பும் தேளும் இருக்கும்.

3. எதைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது

விதைக்கு வாங்கி மீந்துபோன கடலையையும் மக்காச்சோளத்தையும் குழந்தைகள் எடுத்துச் சுட்டுவிடுவது உண்டு. பூசணக்கொல்லி, பூச்சிக்கொல்லி கலந்த விதை நஞ்சாகும். சுட்டாலும் கழுவினாலும் அது போகாது. இத்தகைய விதையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டிவைப்பது விவசாயியின் கடமை. மக்காச்சோளத்தில் 2018ஆம் ஆண்டு முதல் படைப்புழுவின் தாக்குதல் வந்த பிறகு, நாம் மருந்து அடிப்பது கூடிவிட்டது. மருந்து அடித்த வயலில் கதிர் ஒடிப்பதானால், மருந்தின் சீட்டில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்த பின்னரே ஒடிக்க வேண்டும்.

பூசணம் பிடித்த, கறுத்துச் சுருங்கிய கடலையையும் ஒதுக்குங்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு சுடுவதால் முழுவதும் அழிவதில்லை.

பலாக்கொட்டையைக் கீறாமல் தணலில் போட்டால் வெடித்துக் கண்ணில் தெறிக்கும். கீறிவிட்டுப் போடுங்கள். முந்திரிக் கொட்டையை மட்டும் குழந்தைகள் சுடவே கூடாது. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் சூட்டில் பீறிட்டுத் தீப்பற்றும். பட்ட இடத்தில் தோலைப் புண்ணாக்கும். புகை கண்ணையும் மூச்சையும் வருத்தும்.

4. யாருக்கு என்ன வேலை

நெருப்புக்கு ஒரு பெரியவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். தின்று முடித்து நெருப்பை அணைக்கும்வரை அவர் வேறு வேலைக்கு எழுந்து போகக் கூடாது. போக வேண்டியிருந்தால் இன்னொரு பெரியவரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைக்கும் இடத்தில், பார்ப்பவர் ஒருவரும் இருக்கமாட்டார். குடித்திருப்பவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது.

5 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பெரியவர் ஒருவரின் மடியிலோ கைப்பிடியிலோ, கோட்டுக்கு வெளியே, புகை வராத பக்கத்தில் இருக்கட்டும். எதைச் சுடுகிறோம் என்று சொல்லிக் காட்டுங்கள். அதுவே அவர்களுக்குப் போதும்.

5 முதல் 8 வயது வரையுள்ளவர்கள் கிழங்கைக் கழுவலாம். கதிரின் மட்டையை உரிக்கலாம். தின்ன இலை கொண்டுவரலாம்.

9 முதல் 12 வயது வரையுள்ளவர்கள் பெரியவர் பக்கத்தில் நிற்க, ஒவ்வொருவராக வந்து, நீண்ட இடுக்கியாலோ இரண்டு முழப் பச்சைக் குச்சியாலோ கதிரைப் புரட்டலாம். கொள்ளிக்கட்டையைக் கையில் எடுத்து வீசுவதை முதல் தடவையிலேயே நிறுத்திவிடுங்கள்.

அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தீ மூட்டவும் தணலைப் பரப்பவும் அணைக்கவும் கூடவே இருந்து கற்றுக்கொடுங்கள். பெண் பிள்ளைக்கு அடுப்பு வேலை, ஆண் பிள்ளைக்கு விளையாட்டு என்று பிரிக்காதீர்கள். இருவரும் கற்க வேண்டிய பாடம் இது.

வலிப்பு நோய் உள்ள குழந்தையோ பெரியவரோ நெருப்பின் அருகில் தனியே இருக்கக் கூடாது. நெருப்பருகே வலிப்பு வந்து விழுந்து வெந்தவர்கள் நம் கிராமங்களில் உண்டு.

5. உடை

நைலான், பாலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியே நல்லது. அதுவும் தொளதொளவென்று இருக்கக் கூடாது. பாவாடை, தாவணி, துண்டு ஆகியவற்றை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். காலில் செருப்பாவது இருக்க வேண்டும்.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. ஓடினால் தீ வளரும். நிற்க வேண்டும், படுக்க வேண்டும், உருள வேண்டும். 'நில், படு, உருள்' என்ற மூன்று சொற்களைத் தீ மூட்டுவதற்கு முன்னால் குழந்தைகளை வைத்து ஒருமுறை விளையாட்டாகச் செய்துபாருங்கள். நனைத்த சாக்கு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

6. தின்னும்போது

தணலிலிருந்து எடுத்த கிழங்கின் தோல் ஆறியிருக்கும், உள்ளே கொதிக்கும். பெரியவர் பிட்டு, ஆவி போனபின் கொடுக்க வேண்டும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுக்காதீர்கள். சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ தின்னும்போது பருப்பு மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். இடித்துக் கொடுங்கள்.

7. அணைத்தல்

நான் சொல்லவந்த முக்கியமான செய்தி இதுவே. தண்ணீர் வராமல் தீ மூட்டக் கூடாது என்பதை உங்கள் வீட்டுச் சட்டமாக ஆக்குங்கள். சுள்ளி பொறுக்குவதற்கு முன்பே குழந்தைகள் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைக்கட்டும்.

தின்று முடித்ததும் கட்டைகளைக் கம்பியால் பிரித்துப் பரப்புங்கள். பெரியவர் சற்றுத் தள்ளி நின்று, முகத்தை விலக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் சூடான ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். அப்போது குழந்தைகள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். பிறகு குச்சியால் கிளறி, மீண்டும் ஊற்ற வேண்டும். 'உஸ்' என்ற சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை தண்ணீர் போதவில்லை என்று பொருள். சத்தமும் புகையும் ஆவியும் நின்றபின், பெரியவர் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே சற்று உயரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னும் ஒரு வாளி ஊற்ற வேண்டும். சூடு அறவே தணிந்த பிறகு மண்ணைத் தள்ளிக் குழியை நிரப்பலாம். தண்ணீர் முன்னால், மண் பின்னால். இந்த வரிசை மாறக் கூடாது.

குழி இருந்த இடத்தில் ஒரு முள்ளுக் கிளையை நட்டுவைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் அந்தப் பக்கம் வருகிற யார் வீட்டுக் குழந்தையாயினும் விலகிப் போகும். சோகை எரித்த வயலிலும் குப்பை எரித்த மேட்டிலும் இதே ஆபத்து உண்டு. சோகையை எரிக்காமல் மூடாக்காகப் போட்டால் மண்ணுக்கும் நல்லது, குழந்தையின் காலுக்கும் நல்லது.

8. சுட்டுவிட்டால்

குழந்தையின் தோல் நம் தோலைவிட மெல்லியது. நமக்குக் கொப்புளம் வருகிற சூடு, குழந்தைக்கு ஆழமான புண்ணாக இறங்கிவிடும். ஆகவே முதல் சில நிமிடங்களில் நாம் செய்வதே பெரும்பாலும் பலனை முடிவுசெய்கிறது.

புண்பட்ட இடத்தில் குளிர்ந்த, சுத்தமான நீரை 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். குழாய் இல்லையென்றால் குடத்து நீரை மெல்ல ஊற்றுங்கள். சுட்டு நேரமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். 3 மணி நேரத்திற்குள் ஊற்றினாலும் பயன் உண்டு. பனிக்கட்டி வைக்கக் கூடாது. சிறு குழந்தையானால் உடம்பின் மற்றப் பாகத்தைத் துணியால் போர்த்திவையுங்கள். குளிரில் நடுங்க விடக் கூடாது.

கொலுசு, வளையல், மோதிரம், அரைஞாண் கயிறு ஆகியவற்றை வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது; சுற்றிக் கத்தரித்துவிடலாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பேனா மை, பற்பசை, மாவு, மஞ்சள், எண்ணெய், சாணம், பச்சிலை எதையும் தடவாதீர்கள். அவை சூட்டை உள்ளே அடைத்து, புண்ணில் சீழ் பிடிக்கச் செய்யும். புண்ணின் ஆழத்தை மருத்துவர் பார்க்கவும் முடியாமல் ஆகும். நீர் ஊற்றி முடித்ததும் துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்ட காயமும், குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயமும், வெளுத்தோ கருகியோ காணப்படும் காயமும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டியவை. வலி இல்லை என்று குழந்தை சொன்னால் மகிழாதீர்கள். ஆழமான காயத்தில் நரம்பும் வெந்துவிடுவதால் வலி தெரியாது. 108 எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் ஆம்புலன்ஸ் வரும். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம். ஆறியபின் மருத்துவர் சொல்லும் பயிற்சியைத் தவறாமல் செய்விக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் விரல்கள் மடங்கி ஒட்டிக்கொள்ளும். என் தம்பிக்கு நேர்ந்தது அதுதான்.

முடிவுரை

பெரியோர்களே! என் தம்பிக்கும் இப்போது பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள். அவன் காட்டிலும் செடி பிடுங்கும் நாளில் கடலை சுடுகிறார்கள், அவன் தடுப்பதில்லை. ஆனால் வாளி இரண்டும் வந்து சேரும்வரை தீப்பெட்டி அவன் மடியை விட்டு வெளியே வராது. அந்த வாளிகளைத் தூக்கிவருவதில் பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கிறது.

உங்கள் காட்டிலும் அப்படியே நடக்கட்டும். பிள்ளைகள் நம் மண்ணில் விளைந்ததை நம் மண்ணிலேயே சுட்டுத் தின்னட்டும். இன்று வீட்டுக்குப் போனதும் இதில் ஒன்றையாவது வீட்டாரிடம் சொல்லுங்கள்: தண்ணீர் முன்னால், மண் பின்னால்.